பில்லில் சரிபாதி, ஓட்டில்?

கேள்வி: ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநிலங்களும் ஒன்றாக நின்றால் மத்திய அரசை மீறி முடிவெடுக்கலாமே?
(வாசகர், கரூர்)

பதில்: முடியாது சார். நேற்று பொங்கல், வடை, காபி சாப்பிட்டேன், 120 ரூபாய். பில்லில் மத்திய வரி 3 ரூபாய், மாநில வரி 3 ரூபாய். அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி சரிபாதி. இந்த வரியை மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பேசி முடிவு செய்யும் கவுன்சிலில் கணக்கே வேறு. மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் அத்தனைக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். 66 எப்படி 75 ஆகும்? சரி, டெல்லியும் தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் தடுக்க அதன் ஒரு கை போதும். மாநிலங்களுக்குப் பல கைகள் சேர வேண்டும்.

அப்புறம், அங்கே முதல் ஓட்டெடுப்பு நடந்ததே 2019 டிசம்பரில்தான். எதற்கு என்கிறீர்கள்? லாட்டரிச் சீட்டு வரிக்கு!