போர்டைக் கணினி கண்டுகொள்ளவில்லையா? எஸ்டி-லிங்க் கேள்வி பதில்

எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32 சிப் உள்ள போர்டுகளோடு மல்லுக்கட்டும் சிங்கப்பூர் நண்பர்கள் கேட்டவை இவை. கணினிக்கும் சிப்புக்கும் நடுவில் நின்று நிரலை ஏற்றவும் சோதிக்கவும் உதவும் கருவி டீபக்கர்; எஸ்டியின் டீபக்கர்தான் எஸ்டி-லிங்க். கணினியிலிருந்து டீபக்கர் வரை ஒரு வழி, டீபக்கரிலிருந்து சிப் வரை இன்னொரு வழி. எந்த வழி அறுந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஜூரோங் வெஸ்ட், பாலிடெக்னிக் மாணவர்: அண்ணா, நியூக்ளியோ எஃப்401 போர்டில் சிவப்பு விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் ஒன்றுமே வரவில்லை. டிரைவரை மூன்று தடவை போட்டுவிட்டேன்.

தம்பி, டிரைவரை விடுங்கள். அதில் கோளாறு என்றால் மஞ்சள் குறியோடாவது ஒரு பெயர் வந்திருக்கும். எல்டி1 என்ற அந்தச் சிவப்பு விளக்கு மெதுவாக மின்னிக்கொண்டே இருந்தால் யூஎஸ்பி தொடர்பு இன்னும் ஏற்படவில்லை. எல்லாம் சரியானால் சிவப்பு நிலையாக எரியும். விளக்கு எரிகிறதே, கேபிள் நல்லதுதான் என்று நினைக்காதீர்கள். விளக்குக்கு மின்சாரக் கம்பிகள் இரண்டு போதும்; கணினியோடு பேச டேட்டா கம்பிகள் இரண்டும் வேண்டும். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் அவை இருக்காது. ஒரு சனிக்கிழமை முழுவதையும் இப்படியொரு கேபிளிடம் இழந்தவன் நான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உங்கள் போர்டுக்கு மினி-பி முனை. பழைய டிஜிட்டல் கேமராவிலிருந்து படம் ஏற்றிய கேபிள் வீட்டில் இருந்தால் போதும். இல்லையா, சிம் லிம் டவர் பக்கம் போய் டேட்டா கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். ஹப் வேண்டாம், நேராகச் செருகுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: உபுண்டுவில் எஸ்டியின் யூஎஸ்பி அடையாள எண் 0483 தெரிகிறது. ஆனால் சூடோ போட்டு நிர்வாகியாக ஓட்டினால்தான் ஓப்பன்ஓசிடி என்ற டீபக் மென்பொருள் ஓடுகிறது.

அனுமதிதான் இல்லை. எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்வது யூடெவ் விதி. ஓப்பன்ஓசிடியோடு வரும் யூடெவ் விதிக் கோப்பை அதற்குரிய இடத்தில் வைத்து, விதிகளை மறுபடி ஏற்றி, போர்டைக் கழற்றி மாட்டுங்கள்.

பொங்கோல் வாசகி: என் புளூ பில் போர்டு நேற்றுவரை நன்றாக இருந்தது அண்ணா. தொடக்க நிரலை எழுதித் தரும் எஸ்டியின் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் புது புராஜெக்ட் போட்டு ஏற்றினேன். இப்போது எஸ்டி-லிங்க் தெரிகிறது, சிப் தெரியவில்லை. செத்துவிட்டதா?

இல்லைம்மா, உயிரோடுதான் இருக்கிறது. புளூ பில்லில் இருப்பது எஃப்1 வரிசை சிப். அந்த வரிசையில் டீபக்கை நீங்களாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், கியூப்எம்எக்ஸ் எழுதும் நிரலே டீபக்கர் நுழையும் வாசலைச் சாத்திவிடும். பிறகு டீபக்கர் இணையும் பிஏ13, பிஏ14 கால்களில் யார் தட்டினாலும் பதில் வராது. பூட்0 ஜம்பரை 1க்கு மாற்றி ரீசெட் அழுத்துங்கள். உங்கள் நிரலுக்குப் பதில் சிப்போடு வரும் சொந்தத் தொடக்க நிரலான பூட்லோடர் ஓடும், வாசல் திறந்திருக்கும். இணைத்து, உங்கள் நிரல் இருக்கும் பிளாஷ் நினைவகத்தை அழித்து, ஜம்பரைப் பழையபடி 0க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் மறக்காமல் கியூப்எம்எக்ஸின் சிஸ் பகுதியில் டீபக்கை ‘சீரியல் வயர்’ என்று வையுங்கள்.

தெம்பனிஸ் வாசகர்: எனக்கும் புளூ பில்தான். சிப்பின் ஐடி எண் 1-இல் தொடங்க வேண்டுமாம், 2-இல் தொடங்குகிறது என்று ஓப்பன்ஓசிடி நிற்கிறது.

இணைப்பில் குறையில்லை. அது எஸ்டி நிறுவனத்தின் சிப் அல்ல, நகல். கான்ஃபிக் கோப்பில் எதிர்பார்க்கும் எண்ணை மாற்றினால் பெரும்பாலும் ஓடும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு மட்டும் அதை வைக்காதீர்கள்.