இன்டர்வியூவுக்கு என்ன போட்டுக்கிட்டுப் போறது, அக்கா?

தொழிற்படிப்புச் சேர்க்கை நேர்காணலுக்கு நம்ம வடசென்னைப் பிள்ளைகளைப் பல வருடமாகத் தயார் செய்கிறேன். பாடத்தைப் பற்றி ஓங்கிக் கேட்கிறவர்கள் உடையைப் பற்றி மட்டும் காதோடு கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

வியாசர்பாடி தம்பி: எம்.பி.ஏ. சேர கேட் (CAT) நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.எம்.ல இருந்து இன்டர்வியூ கால் வந்திருக்கு. ஃபிரெண்டோட கோட்டை வாங்கிப் போட்டுக்கலாமா?

வேண்டாம்ப்பா. இரவல் கோட் தோளிலேயே காட்டிக்கொடுக்கும். பேசும் நேரமெல்லாம் அதை இழுத்துவிட்டுக்கொண்டு இருப்பாய். அழைப்பில் கோட் கட்டாயம் என்று இல்லாவிட்டால் முழுக்கைச் சட்டை, கருநீல அல்லது சாம்பல் பேண்ட் போதும். அந்த நேர்காணல்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நம்ம ஊரில் புழுக்கம் தொடங்கியிருக்கும். வெளிர்நீலத்தில் வியர்வை திட்டுத் திட்டாகத் தெரியும், அதனால் வெள்ளை எடு. உள்ளே கைவைத்த பனியன் போடு.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே வாங்கலாம். விலையைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார். தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். காலர் பட்டன் போட்டபின் இரண்டு விரல் நுழைய வேண்டும். இடுப்புப் பக்கம் தொளதொளவென்று இருந்தால் டெய்லர் பிடித்துத் தந்துவிடுவார். தோளைப் பிடிப்பது பெரிய வேலை. வாங்கிய சட்டையை ஒருமுறை துவைத்து இஸ்திரி போடு. பெட்டி மடிப்போடு போகாதே.

தண்டையார்பேட்டை தங்கச்சி: புடவையா, சுடிதாரா?

புடவை கட்டிப் பழக்கம் இருந்தால் காட்டன் புடவை அழகுதான். அன்றைக்குத்தான் முதல்முறை என்றால் சுடிதார் போடு, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திவிடு. எதைப் போட்டாலும் முந்தின நாள் வீட்டில் அரைமணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பேசிப் பார். கண்ணாடி வளையல் மேஜையில் பட்டால் சத்தம் கேட்கும், கழற்றி வை. பூ ஒரு கிள்ளு வைக்கலாம்.

ராயபுரம் தங்கச்சி: ஹிஜாபோட போகலாமா?

தாராளமாகப் போம்மா. ஒரே நிறத் துணியாக இருந்தால் நல்லது. நழுவாமல் பின் குத்து.

பெரம்பூர் தம்பி: அப்பாவோட ஷூ இருக்கு, கொஞ்சம் பெருசு.

பெரிய ஷூ நடையைக் கெடுத்துவிடும். பெரியமேட்டில் தோல் ஷூ பார், இரண்டு வாரம் முன்பே வாங்கிப் போட்டு நடந்து பழகு. சாக்ஸ் கருப்பு, நீளமானது. உட்காரும்போது பேண்ட் மேலேறி வெறும் கால் தெரியக் கூடாது.

கொருக்குப்பேட்டை அம்மா: என் பொண்ணு எம்.பி.பி.எஸ். கவுன்சிலிங் போறா. ஷூ, முழுக்கை வேணுமாம்மா?

அங்கே நேர்காணலே கிடையாதும்மா. நீட் மதிப்பெண் தரவரிசைப்படிதான் இடம். துவைத்த சுத்தமான துணி போதும், சான்றிதழ்களைச் சரிபாருங்கள்.

காசிமேடு தம்பி: வீட்டு மாடியில கருவாடு காயுது. சட்டையில வாசம் ஏறிடுமோன்னு பயமா இருக்கு.

இதைக் கேட்க நீ எவ்வளவு தயங்கியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். துணி வாசத்தைப் பிடித்துக்கொள்ளும், அது உண்மைதான். துவைத்து வேறு பக்கம் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் காயப்போடு, அங்கேயே இஸ்திரி போட்டு கவரில் கட்டி வை. காலையில் அங்கே போய்க் குளித்து மாற்றிக்கொள். சென்ட்டை அள்ளித் தெளிக்காதே. இரண்டு வாசமும் கலந்தால் இன்னும் மோசம்.

ஆனால் அப்பா தொழிலைக் கேட்டால் மறைக்காதே. படகு ஒருமுறை கடலுக்குப் போனால் டீசல், ஐஸ் எவ்வளவு, ஏலத்தில் விலை எப்படி விழுகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டுக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று சொல். எம்.பி.ஏ. இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்கு இதைவிட நல்ல வியாபாரப் பேச்சு வேண்டுமா?

திருவொற்றியூர் தம்பி: பைக்ல போயிடலாமா?

வேண்டாம், லாரிப் புழுதியெல்லாம் வெள்ளைச் சட்டையில்தான் வந்து உட்காரும். விம்கோ நகரில் மெட்ரோ ஏறு, ஏ.சி.யில் சட்டை கசங்காது. அரைமணி முன்னால் போய் முகம் கழுவித் தலை வாரிக்கொள். கைக்குட்டை இரண்டு எடுத்துக்கொள்.