கடுங்குளிரில் மின்சாரம் நின்றுவிட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எந்த ஹீட்டரை வாங்குவது என்பதையே சுற்றி வந்தன. ஹீட்டரைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் பனிப்புயலில் மின்கம்பி அறுந்து விழுந்த பிறகு அது மூலையில் கிடக்கும் ஒரு பெட்டி, அவ்வளவுதான். புதிதாக வெப்பத்தை உண்டாக்குவதைவிட, வீட்டில் உள்ள வெப்பத்தை வெளியே விடாமல் காப்பதற்குச் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு என்பதே பல ஆண்டுகளாக வீடுகளின் குழாய்களையும் கணப்புகளையும் பழுதுபார்த்ததில் நான் கண்டது.

கேள்வி: இரண்டு மூன்று நாள் மின்சாரம் வராது என்று தெரிந்தால், வீடு முழுவதையும் எப்படிச் சூடாக வைத்துக்கொள்வது?

வீடு முழுவதையும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஜன்னல் குறைவாக உள்ள, வெயில் படும் பக்கத்திலிருக்கும் சிறிய அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எல்லோரும் அதற்குள் குடிபெயர்ந்துவிட வேண்டும். கதவின் அடியிலுள்ள இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள்; வெயில் உள்ள வரை ஜன்னல் திரையைத் திறந்துவைத்து, வெயில் சாய்ந்ததும் மூடி, அதன் மேல் ஒரு கம்பளியையும் தொங்கவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுவதால், நான்கு பேர் ஒரே அறையில் இருப்பது சிறிய ஹீட்டர் ஒன்றை அங்கே போட்டுவைப்பதற்குச் சமம். குழந்தைகளை அறைக்குள்ளேயே கூடாரம் அடித்துப் படுக்கவைக்கலாம். கூடாரம் இல்லையென்றால், பெரிய மேசையின் மேல் நான்கு பக்கமும் போர்வை தொங்கவிட்டால் போதும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும், கீழே தடிமனாக எதையாவது விரிக்காவிட்டால் தரை உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

காற்று நுழையும் இடுக்குகளை, காற்று பலமாக வீசும் ஒரு நாளில் முன்கூட்டியே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சுவரையும் ஜன்னல் சட்டத்தையும் ஒட்டி மெல்ல நகர்த்தினால், நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று வளைந்து சிதறும், கசிவு அங்கேதான். என் வீட்டில் நான் ஜன்னலைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன், ஆனால் புகை வளைந்த இடம் வெளிச்சுவரில் பதித்திருந்த ப்ளக் பாயின்ட்.

கேள்வி: ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டுக்குள் கரி அடுப்பைக் கணப்பாகப் பயன்படுத்தலாமா?

கூடாது. புகை இல்லையே என்று பலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் சுடர் அடங்கிக் கரி செக்கச்சிவந்து கனன்றுகொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் கார்பன் மோனாக்சைடு தாராளமாக வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கும் மேலாக அந்த வாயுவைப் பற்றிக்கொள்வதால், அறையில் அது சிறிதளவே இருந்தாலும் உடல் மெல்லமெல்ல மூச்சுத்திணறலுக்கு உள்ளாகிறது. ஜன்னலை எவ்வளவு திறந்தால் போதும் என்று யாராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது; போதுமான அளவு திறந்தால் அறையில் சூடும் நிற்காது.

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கி லட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கியபோது, குளிரால் இறந்தவர்களோடு இந்த வாயுவால் இறந்தவர்களும் இருந்தனர். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் கதவையும் ஜன்னலையும் பார்க்காதபடி, திறந்தவெளியில் வைக்க வேண்டும். கார் நிறுத்தும் கொட்டகையின் கதவைத் திறந்துவைப்பது திறந்தவெளி ஆகாது. இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை: தொடக்கக் காலத்தில் ஒரு முறை மழைக்குப் பயந்து ஜெனரேட்டரைத் தாழ்வாரத்திலேயே வைத்துவிட்டு, மாலை முழுவதும் நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறித்த தலைவலியைச் சளிக்காய்ச்சல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இல்லாமல் தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் குறைகின்றன என்றால், அதைச் சளி என்று எண்ணாதீர்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கையறைக்கு அருகே பொருத்துங்கள். அது ஒலித்தால் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரும் வெளியேறிவிட்டு, அதன் பிறகு உதவியை அழையுங்கள்.

கேள்வி: மெழுகுவர்த்தியின் மேல் மண்பானையைக் கவிழ்த்தால் அறை முழுவதும் சூடாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?

பானை சூடாகும். மெழுகுவர்த்தி தருவதற்கு மேல் ஒரு துளி வெப்பத்தைக்கூடப் பானையால் உண்டாக்க முடியாது, மெழுகுவர்த்தி தருவதோ ஏறத்தாழ ஒரு மனிதரின் உடல் தரும் அளவுதான். தீப்பிடிக்கும் அபாயத்தையும் கணக்கில் சேர்த்தால், பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து உட்காரவைத்துக்கொள்வது மேல்.

கேள்வி: குழாய் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரைச் சொட்டவிட்டால் போதுமா?

பல நேரங்களில் போதும். ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால்தான் எப்போது போதாது என்பதும் புரியும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. ஆயினும், குழாய் பெரும்பாலும் பனிக்கட்டி உள்ள இடத்தில் வெடிப்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய்முனைக்கும் நடுவே சிக்கிக்கொண்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, அந்தப் பகுதியில் எங்கோ பலவீனமான இணைப்பில் வெடிக்கிறது. குழாய்முனையைச் சற்றே திறந்து சொட்டவிட்டால் அந்த அழுத்தத்திற்கு வெளியேற வழி கிடைக்கிறது. வெளியே வெப்பநிலை மைனஸ் 7 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே, வெளிச்சுவரை ஒட்டியும் பரணிலும் வெப்பக்காப்பு உறை போடாமல் ஓடும் குழாய்களுக்கு இதைச் செய்துவிட வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைப்பதும் அறையின் சூடு குழாயை எட்ட உதவும்.

தண்ணீர் மின்மோட்டாரால் ஏறும் வீட்டில், மின்சாரம் நின்றால் சொட்டுவதும் நின்றுவிடும். வீடு உறைநிலையை நெருங்கும் என்று தோன்றினால், வாட்டர் ஹீட்டரை முதலில் அணைத்து, மெயின் வால்வை மூடி, மேல்மாடியிலும் கீழ்த்தளத்திலும் உள்ள குழாய்களைத் திறந்து தண்ணீர் முழுவதையும் வடித்துவிடுவதே பத்திரமான வழி.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது மட்டும் போதாது, கையால் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தபோது, வால்வு இருந்த இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தும், ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததால் அது இறுகிப்போய்விட்டிருந்தது. குறடு போட்டுத் திருப்பியதில் கைப்பிடி உடைந்து கையோடு வந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை மூடித் திறந்து பார்த்துவிட்டு, அதில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

உறைந்த குழாயை இளக்கும்போது, முனையைத் திறந்துவைத்துக்கொண்டு, முனைப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹேர் டிரையரையோ வெந்நீரில் நனைத்த துணியையோ நகர்த்திச் செல்லுங்கள். தீச்சுடர் காட்டவே கூடாது.

கேள்வி: வெளியே அவ்வளவு பனி கிடக்கும்போது குடிதண்ணீரைச் சேமித்து வைக்க வேண்டுமா?

வேண்டும். புதிதாய்ப் பெய்த பூம்பனியில் பத்துப் பாத்திரம் அள்ளி உருக்கினால் ஏறத்தாழ ஒரு பாத்திரம் தண்ணீர்தான் தேறும், அதற்கு ஆகும் எரிபொருளோ மிக அதிகம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்து, குறைந்தது மூன்று நாளைக்காவது பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உறைந்தால் விரிய இடம் வேண்டுமென்பதால் கேன்களைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். உருக்கியே ஆக வேண்டுமென்றால், பாத்திரத்தின் அடியில் சிறிது தண்ணீர் ஊற்றிய பிறகே பனியைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடி தீய்ந்துபோகும். குடிப்பதற்கானால் தளதளவென்று ஒரு நிமிடமும், 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடமும் கொதிக்க வேண்டும்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் உள்ளவற்றை வெளியே பனியில் புதைத்து வைக்கலாமா?

வெயில் பட்டால் பனியின் மேலும் உணவு இளகும், விலங்குகளும் இழுத்துப் போகும். மாறாக, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வெளியே வைத்து உறையவிட்டு, அவற்றை உள்ளே கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் அடுக்குங்கள். கதவைத் திறக்காதிருந்தால் ஃப்ரிட்ஜ் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும்.

கேள்வி: என் தாயார் குளிரே தெரியவில்லை என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். முதுமையில் குளிரை உணரும் திறனும் நடுங்கி உடலைச் சூடாக்கும் திறனும் குறைகின்றன. உடலின் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது அவசர நிலை. பேச்சுக் குழறுவதும், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறுவதும், காரணமில்லாத தூக்கக் கலக்கமும் அதன் அடையாளங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால், நிலைமை மோசமாகிறது என்று பொருள். ஈர உடையை மாற்றி, கை கால்களைத் தேய்க்காமல் மார்பையும் முதுகையும் முதலில் சூடாக்கி, நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் இளஞ்சூடான இனிப்புப் பானம் கொடுத்து, உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். மது எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

கேள்வி: விறகுக் கணப்பின் சாம்பலை எத்தனை மணி நேரம் கழித்து அப்புறப்படுத்தலாம்?

மணிக்கணக்கு இதற்கு உதவாது. நீறுபூத்த நெருப்பு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மேலே கை வைத்தால் சில்லென்றிருக்கும் சாம்பலைக் கிளறினால் கங்கு கண்ணைத் திறக்கும். அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியும் கூடவே கூடாது. மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீர் தெளித்து, சுவரிலிருந்தும் மரத்தளத்திலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி, வெறும் மண்ணின் மேல் வையுங்கள்.