வெயிலில் முகம்: சில கேள்விகள், சில பதில்கள்

ஃப்ளாஷ் இல்லாமல், சூரிய வெளிச்சத்தை மட்டும் வைத்து ஆட்களைப் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த கேமரா வாங்கலாம் என்ற கேள்விகளைத் தொடவில்லை. அதற்குக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்.

சார், மாலைப் பொன்வெயில் ஒரு மணி நேரம் இருக்கும் என்று படித்தேன். எனக்கு நாலு படம் எடுப்பதற்குள் இருட்டிவிடுகிறது. (செங்கல்பட்டு)

உங்கள் கடிகாரத்தில் கோளாறு இல்லை. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அடிவானத்துக்கு மேலே 6 டிகிரியில் இருக்கும் சூரியன் சென்னையில் மறைய சுமார் 25 நிமிடம் ஆகும். மார்ச் மாதக் கடைசியில் லண்டனில் அதற்கு 40 நிமிடம் வரை பிடிக்கும். அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. நீங்கள் படித்தது அந்த ஊர்க்காரர் எழுதியதாக இருக்கும்.

ஆகவே குடும்பப் படம், உடை மாற்றம், இடம் தேடுவது எல்லாவற்றையும் அதற்கு முன்பே நிழலில் முடித்துவிடுங்கள். பொன்வெயில் தனிப்படத்துக்கு மட்டும். இன்னொன்று, மெரினாவில் மாலை வெயிலை நம்பிப் போகாதீர்கள். அங்கே சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குகிறது, கட்டடங்கள் முன்னதாகவே விழுங்கிவிடும். கிழக்குக் கடற்கரைக்கு விடியற்காலைதான் நேரம்.

அண்ணா, முகூர்த்தம் முடிந்து 12 மணிக்குத்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் கிடைக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல வருகிறது. (திண்டுக்கல்)

உச்சி வெயில் நெற்றியில் விழுந்தால் கண்குழி இருளத்தான் செய்யும். மண்டபத்துத் தோட்டத்தை மறந்துவிட்டு வாசலுக்கு வாருங்கள். கூரை நிழல் முடிகிற கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே அவர்களை நிறுத்தி, முகத்தை வெளியே பார்க்கச் சொல்லுங்கள். வெளியே வெயில் காயும் சிமெண்ட் தரை கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வானம் மேலிருந்து கொடுக்கும். கண்மணிக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இடம் சரி. தெரியாவிட்டால் அரையடி முன்னே வரச் சொல்லுங்கள்.

ஆளை நிறுத்துவதற்கு முன்னால் உங்கள் முஷ்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் முட்டிகளின் நிழல் எந்தத் திசையில் மென்மையாகிறதோ அந்தத் திசையில் முகம் திரும்ப வேண்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வண்ணத்தைக் கவனியுங்கள். பச்சை ஷாமியானாவுக்கு அடியில் எடுத்தால் மணப்பெண்ணின் கன்னமும் பச்சைதான். எதிர்ச்சுவர் ரோஸ் நிறம் என்றால் ஒரு கன்னம் மட்டும் ரோஸ். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதையும் ஒரே பக்கமாக நகர்த்துமே தவிர, கன்னத்துக்குக் கன்னம் திருத்தாது. பந்தல் துணி வெள்ளையாக இருந்தால் மட்டும் அடியில் நில்லுங்கள். அதைவிட நல்ல வெளிச்சம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

வடக்குப் பார்த்த திண்ணையில் எப்போதும் மென்மையான வெளிச்சம் இருக்கும் என்கிறார்களே, ஐயா? எங்கள் வீட்டில் மே மாதம் வெயில் அடிக்கிறது. (சென்னை, மயிலாப்பூர்)

அடிக்கும். சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஆண்டில் இரண்டு முறை: ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்போது தெற்குப் பார்த்த வாசலைத் தேடுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை உங்கள் வடக்குத் திண்ணையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். வடக்கு வெளிச்சம் மாறாது என்ற விதி கடகரேகைக்கு வடக்கே வாழ்ந்த ஓவியர்களுக்குப் பொருந்தும்.

நான் நல்ல கறுப்பு. வெள்ளைச் சட்டை போட்டால் முகம் தெரிவதில்லை; முகத்தைத் தெரிய வைத்தால் சாம்பல் பூத்தது போல ஆகிறது. (விருதுநகர்)

இது கேமராவின் கணக்கு. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது அதன் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவி. சட்டையைப் பார்த்தால் படத்தை இருட்டாக்கும். முகத்தை மட்டும் பார்த்தால் தேவைக்கு மேல் வெளுக்கும். உங்களை எடுப்பவரிடம் ஸ்பாட் மீட்டரிங்கில் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) கன்னத்தை அளந்து, அதிலிருந்து முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது. ரா கோப்பாக, அதாவது கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுப்பது நல்லது. சட்டை வெளுத்துப் போகிறது என்றால் சட்டையை மாற்றுங்கள்: மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை எல்லாம் கறுப்புத் தோலுக்கு அருமையாக இருக்கும்.

வெளிச்சம் பக்கவாட்டில், பெரிய பரப்பிலிருந்து வரட்டும். மாநிறத்தை நிழலின் ஏற்ற இறக்கம் வடிக்கிறது என்றால் கறுப்பை வடிப்பது மினுமினுப்பு. கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் நீளமாக ஒரு பளபளப்பு ஓடினால் படம் வந்துவிட்டது. ஃபிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் அச்சு வண்ணத்தைச் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. அந்த வழக்கத்தை நம் ஸ்டூடியோக்கள் கம்ப்யூட்டரில் தொடர்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘கொஞ்சம் கலர் ஏற்றித் தரட்டுமா’ என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வியர்வை?

டிஷ்யூவால் ஒற்றுங்கள், துடைக்காதீர்கள். மேலே பவுடர் போடாதீர்கள், திட்டுத் திட்டாகத் தெரியும். லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடியை மாட்டினால் எண்ணெய்ப் பளபளப்பு குறையும், ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் குறையும். ஆனால் மேலே சொன்ன மினுமினுப்பையும் அது தின்றுவிடும்.

85 மி.மீ. லென்ஸ் வாங்கினேன், எஃப் 1.8. ஒரு கண் தெளிவு, மற்றொரு கண் மங்கல். லென்ஸ் பழுதா? (தஞ்சாவூர்)

பழுதில்லை, தம்பி. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து எஃப் 1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர். தலையைச் சற்றே திருப்பினால் ஒரு கண் அதற்கு வெளியே போய்விடும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 2.8 அல்லது 4 வைத்து, பின்னணியை ஆளிடமிருந்து தள்ளி வையுங்கள். மங்கல் அப்போதும் கிடைக்கும்.

வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பி விடும் ரிஃப்ளெக்டர் வாங்க வசதியில்லை. (புதுக்கோட்டை)

தெர்மாகோல் அட்டை போதும். ஒரு பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும். மறுபக்கம் கறுப்புச் சார்ட் ஒட்டுங்கள், வெளிச்சத்தைக் குறைக்க உதவும். தங்க நிற ரிஃப்ளெக்டர் யாராவது கொடுத்தாலும் வேண்டாம். பட்டும் நகையும் போட்டவர்களை அது மஞ்சள் காமாலைக்காரர்களாக்கும். அட்டையை இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், தரையில் வைத்தால் பேய்ப்பட வெளிச்சம். கடற்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்; அங்கே மணலே போதும்.

செல்போனில் முடியுமா?

முடியும். முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் மல்லிகைச் சரத்தையும் பறக்கும் முடியையும் கத்தரித்தது போல வெட்டும். பூ வைத்திருந்தால் அந்த மோடை அணைத்துவிடுங்கள்.

காரிலிருந்து இறங்கியதும் எல்லாப் படமும் பனி மூட்டமாக வருகிறது. (ராமநாதபுரம்)

ஏசியில் குளிர்ந்த லென்ஸ் கண்ணாடியில் கடற்கரை ஈரம் படிகிறது. துடைத்தால் மறுபடி படியும். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வண்டியில் இருப்பவர்கள் திட்டுவார்கள். கேமரா பையை டிக்கியில் வைத்துக்கொண்டு வந்தால் அந்தத் திட்டும் மிச்சம்.