பிரைவேட் ஈக்விட்டி படிக்கத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியிலிருந்து (எங்கள் பக்கத்துச் சிற்றூர்) எழுதுகிறேன். பி.காம். கடைசி வருடம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலை விலை பற்றி நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

எனக்கு வென்ச்சர் கேப்பிட்டல், பிரைவேட் ஈக்விட்டி மீது ஆர்வம். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இவற்றைச் சிறப்புப் பாடமாக வைத்திருக்கும் எம்.எஸ்ஸி. ஃபைனான்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்தால் ஐம்பது லட்சத்தைத் தொடும். தோட்டத்தை அடமானம் வைத்தால்தான் முடியும். பெங்களூரில் இருக்கும் அத்தை மகன், "அந்த வேலைக்கெல்லாம் ஐ.ஐ.எம். ஆட்களைத்தான் எடுப்பார்கள்" என்கிறான். அப்பா, "அடுத்தவன் காசை வாங்கி அடுத்தவனுக்குக் குடுக்கிற வேலைக்கு எதுக்கும்மா காலேஜ்?" என்கிறார். நீங்கள் முன்பு ஆடிட்டராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இதைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதால் பயன் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

அப்பா கிண்டலாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் விளக்கம் சரி. பென்ஷன் நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரும் பணக்காரக் குடும்பங்கள் எல்லாம் காசைக் கொடுக்கும். ஃபண்ட் நடத்துகிறவர்கள் அதைக் கம்பெனிகளில் போட்டு, வழக்கமாகப் பத்து வருடத்தில் விற்றுத் திருப்பித் தர வேண்டும். வளரும் சின்னக் கம்பெனியில் ஒரு பங்கு வாங்கினால் வென்ச்சர் கேப்பிட்டல். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியைப் பெரும்பகுதியாக வாங்கினால் பிரைவேட் ஈக்விட்டி. இங்கே இவை பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2012ஆம் ஆண்டு விதிகளுக்குள் வருகின்றன. ஒரு முதலீட்டாளர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். நம் மலையில் இதைப் பக்கத்தில் பார்த்தவர்கள் அதிகம் இல்லாததற்கு அது ஒரு காரணம்.

பல்கலைக்கழகம் எதைச் சொல்லிக்கொடுக்க முடியும்? எந்தக் கம்பெனி ஜெயிக்கும் என்பதை முடியாது. ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுக்க முடியும். இந்தத் தொழிலின் சாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு கற்பனைக் கணக்கு. கோத்தகிரியில் ஒருவர் ஸ்பெஷாலிட்டி டீ கம்பெனி நடத்துகிறார். ஒரு ஃபண்ட் 10 கோடி போட்டு 20 சதவீதப் பங்கு எடுக்கிறது. அதாவது கம்பெனியின் மதிப்பு 50 கோடி. பத்திரிகையில் படம் வரும், ஊரே வாழ்த்தும். மூன்று வருடம் கழித்து வியாபாரம் படுத்து, கம்பெனி 12 கோடிக்குத்தான் விலை போகிறது. நிறுவனருக்கு 80 சதவீதம் இருக்கிறது, அப்படியென்றால் 9.6 கோடி வருமா? வராது. ஃபண்ட் வாங்கியது சாதாரணப் பங்காக இருக்காது, முன்னுரிமைப் பங்காக இருக்கும். விற்றால் முதலில் போட்ட காசு அவர்களுக்கு என்று எழுதியிருக்கும். 10 கோடி அங்கே போய்விடும், நிறுவனருக்கு 2 கோடி. 'போட்ட காசை எடுத்த பிறகு மிச்சத்திலும் பங்கு உண்டு' என்று ஒரு வரி இருந்தால் அந்த 2 கோடியிலும் 20 சதவீதம் போகும். 'போட்டதற்கு இரண்டு மடங்கு முதலில்' என்று எழுதியிருந்தால் 12 கோடியும் ஃபண்டுக்கே. அதே கம்பெனி 100 கோடிக்கு விற்றால், முதல் வகை ஒப்பந்தத்தில் ஃபண்ட் முன்னுரிமையை விட்டுவிட்டு, சாதாரணப் பங்காக மாற்றிக்கொண்டு 20 கோடி எடுக்கும். இதையெல்லாம் புரிந்துகொள்ளாமல் 50 கோடி என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வாத்தியார் ஒருவர் ஒரு செமஸ்டர் முழுக்க இந்த ஒன்றை மட்டும் நடத்தினாலும் படிக்கலாம்.

ஃபண்டுக்கும் காசு கொடுத்தவர்களுக்கும் நடுவிலும் இதே கதைதான். வருடத்துக்கு 2 சதவீதக் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம் என்பது பழைய வழக்கம். பத்து வருடமும் முழுக் கட்டணம் எடுத்தால் 100 கோடியில் 20 கோடி அதற்கே போய்விடும் (பாதியில் குறைப்பதும் உண்டு). மிச்சம் 80 கோடியை வைத்துக்கொண்டு 100 கோடியைத் தாண்டி, அதற்கும் மேலே லாபம் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு கம்பெனியாவது பல மடங்கு வளராமல் இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் ஏன் எப்போதும் 'பெரிதாக வளர்' என்று நிறுவனரை விரட்டுகிறார்கள் என்பது இதைப் பார்த்தால் விளங்கும்.

வகுப்புக்குப் போகும் முன் நம் ஊர் உதாரணம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நீல்கிரிஸ் சூப்பர் மார்க்கெட்டை பெங்களூர் கடை என்றே பலரும் நினைக்கிறார்கள், அது 1905இல் இந்த மலையில் தொடங்கியது. 2006இல் ஆக்டிஸ் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் அதில் 65 சதவீதத்தைச் சுமார் 6.5 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. அன்றைய ரூபாய்க் கணக்கில் 290 கோடி போல. 2014இல் ஃபியூச்சர் குழுமத்தின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுவதையும் 300 கோடிக்கு வாங்கியது. முதல் விலையை வைத்து முழுக் கம்பெனியின் மதிப்பைப் போட்டால் 450 கோடி வரும். எட்டு வருடத்தில் 450 போய் 300. அதற்கு மேல், டாலர் 45 ரூபாயிலிருந்து 61க்குப் போய்விட்டது. டாலரில் காசு திரட்டிய ஃபண்ட் டாலரில்தானே திருப்பித் தர வேண்டும்? அந்தக் கணக்கில் இன்னும் மோசம். நூறு வருடப் பெயர், நல்ல இடங்களில் கடைகள், வளரும் நகரம், எல்லாம் இருந்தும் ஏன் இப்படி ஆனது என்று நீங்களே தேடி நாலு பக்கம் எழுதிப் பாருங்கள்.

தேயிலைக்கும் இந்தக் காசு வந்தாயிற்று. 2022இல் யூனிலீவரின் தேயிலை வியாபாரத்தை 450 கோடி யூரோவுக்கு வாங்கியது சி.வி.சி. என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம்தான். இந்திய வியாபாரம் அதில் சேரவில்லை.

வென்ச்சர் கேப்பிட்டலின் தந்தை என்று சொல்லப்படும் ஜார்ஜ் டோரியோ ஹார்வர்டு பேராசிரியர். 1946இல் தொடங்கிய ஏ.ஆர்.டி. என்ற முதலீட்டு நிறுவனத்தை நடத்தி, 1957இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் 70,000 டாலர் போட்டவர். அது பிற்பாடு 35 கோடி டாலருக்கு மேல் மதிப்பானது. அவர் வகுப்பில் நடத்திய பாடத்தின் பெயர் 'உற்பத்தி'. அதனால் சான்றிதழில் பிரைவேட் ஈக்விட்டி என்று அச்சாகியிருப்பதற்காக நீங்கள் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சரி, அத்தை மகன் விஷயம். அவர் பாதி சரி. ஃபண்டுகளில் ஆட்கள் குறைவு. புதிதாகப் படித்து வருகிறவர்களை நேராக எடுப்பது அரிது. முதலீட்டு வங்கி, ஆலோசனை நிறுவனம், பெரிய ஆடிட் நிறுவனங்களில் கம்பெனி வாங்கல் விற்றலுக்குக் கணக்குச் சரிபார்க்கும் பிரிவு, இங்கெல்லாம் சில வருடம் வேலை பார்த்தவர்களைத்தான் தேடுவார்கள். அதில் சி.ஏ. படித்தவர்களும் நிறைய. இன்னொன்று, லண்டன் பாடத்தில் கடன் வாங்கிக் கம்பெனியை வாங்கும் கணக்குக்குப் பெரிய இடம் இருக்கும். பங்கு வாங்க வங்கிகள் கடன் தருவதை நம் ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கட்டுப்படுத்தியே வைத்திருந்ததால் இங்கே அந்த முறை அதிகம் வளரவில்லை. ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.

என் பதில்: பாடம் நல்ல பாடம். தோட்டத்தை அதற்கு அடமானம் வைக்காதீர்கள். ஒரு வருடப் படிப்பு முடிந்த கையோடு அந்த வேலை கிடைக்காமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். வட்டி ஓடும், இலை விலை எப்படி ஓடும் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. இன்டர்மீடியட்டுக்கு நேராகப் பதியலாம். செலவு லண்டன் செலவில் ஒரு சின்னத் துண்டு. ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் பயிற்சி) இப்போது இரண்டு வருடம்தான். கோவையிலோ சென்னையிலோ கம்பெனி வாங்கல் விற்றல் வேலை வரும் ஆடிட் ஆபீஸாகப் பார்த்துச் சேருங்கள். வேலையில் இருந்துகொண்டு பிற்பாடு எம்.பி.ஏ. போவது வேறு கதை, அப்போது ஸ்காலர்ஷிப் கேட்கவும் கையில் சரக்கு இருக்கும்.

நடுவில் படிக்க இலவசமாகவே நிறைய இருக்கிறது. பங்குச் சந்தைக்கு வரும் கம்பெனிகளின் வரைவு அறிக்கைகள் செபி தளத்தில் கிடைக்கின்றன. ஃபண்ட் காசு வாங்கிய ஒரு கம்பெனியின் அறிக்கையை எடுங்கள். மூலதன வரலாறு என்ற பகுதியில் எந்தத் தேதியில் யாருக்கு என்ன விலைக்குப் பங்கு கொடுத்தார்கள் என்று வரிசையாக இருக்கும். முதலில் வந்தவர் என்ன விலைக்கு வாங்கினார், கடைசியில் வந்தவர் என்ன கொடுத்தார் என்று எக்செல்லில் போட்டுப் பாருங்கள். தலை சுற்றும், பரவாயில்லை.

லண்டனுக்கே போவதாக முடிவெடுத்தால், முன்பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் இதே படிப்பை முடித்த இந்திய மாணவர்களில் எத்தனை பேர் இப்போது ஃபண்டுகளில் வேலை பார்க்கிறார்கள்? 'நிதித் துறையில்' என்று மழுப்பினால் விடாதீர்கள். விசா கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.