கடவுச்சீட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்: மாமல்லபுரம் போகும் திருகோணமலைக் குடும்பங்களுக்கு

கேள்வி: தை மாதம் சென்னைக்குப் போகிறோம். நான், கணவர், மாமி, 9, 13 வயதில் இரண்டு பிள்ளைகள், கனடாவிலிருந்து வரும் தம்பி. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. பயண ஏற்பாடு செய்பவரோ, ‘நீங்கள் வெளிநாட்டவர், ஆளுக்கு 600 இந்திய ரூபாய் நுழைவுக் கட்டணம்’ என்று சொல்லி ஆறு பேருக்கும் 3,600 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (உப்புவெளி வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். 600 ரூபாய்க் கட்டணம் என்று ஒன்று இருப்பது உண்மைதான்; ஆனால் அது உங்களுக்கு உரியது அல்ல. இந்தியத் தொல்லியல் துறை, சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் குடிமக்களிடம் இந்தியர்களுக்கான அதே கட்டணத்தைத்தான் வாங்குகிறது. மாமல்லபுரத்தில் அது 40 ரூபாய். இலங்கையும் சார்க் நாடுதானே! பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. பெரியவர்கள் மூவருக்கு 120, கனடாக் கடவுச்சீட்டில் வரும் தம்பிக்கு மட்டும் 600, ஆக 720 ரூபாய். மிச்சம் 2,880 ரூபாய். அந்தப் பணத்தை ஏன் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? நுழைவுச்சீட்டை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஏற்பாட்டாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரே நிபந்தனை, நீங்கள் இலங்கையர் என்பதைக் காட்ட வேண்டும். நான் போயிருந்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்துக் குடும்பம் கடவுச்சீட்டுகளை விடுதியில் வைத்துவிட்டு வந்திருந்தது. வெயிலில் வயதான அம்மாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மகன் ஆட்டோ பிடித்து ஓடினார். பிள்ளைகளுடையதையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வயதுக்கும் அதுவே சாட்சி. வாங்கிய சீட்டை எறிந்துவிடாதீர்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் இரண்டுக்கும் அன்று முழுவதும் அந்த ஒரே சீட்டுத்தான்.

அருச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்துக்குச் சீட்டே வேண்டாம். ஊருக்கு நடுவே, தெருவோரப் பாறையில் இருக்கிறது. அங்கே அவசரப்படாதீர்கள். பெரிய யானையின் அருகே ஒரு பூனை, முன்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் நம்பிக் கூடியிருக்கின்றன. அதைக் காட்டிக்கொடுத்துவிடாமல் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்க விடுங்கள். சம்பந்தர் நம் கோணமாமலையைப் பாடிய அதே 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய பாறை அது. நம் கோணேசர் கோயிலை 1624இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கல்வேலை இப்படித்தான் இருந்தது என்று நம் பிள்ளைகள் ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும்.

மாமி கூட வருவதால், காலை ஆறு மணிக்குத் திறந்தவுடனேயே போய்விடுங்கள். ஐந்து ரதங்களைச் சுற்றி மணல்தான், நிழல் குறைவு. பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது.

கேள்வி: அங்கே கருங்கல் பிள்ளையார் ஒன்று வாங்கி வர நினைக்கிறேன். ஏமாறாமல் வாங்குவது எப்படி? விமான நிலையத்தில் தடுப்பார்களா? (தம்பலகாமம் வாசகர்)

பதில்: முதலில் கல்லைப் பாருங்கள். கருங்கல் என்று சொல்லி, மென்மையான மாக்கல்லைத் தருவது உண்டு. அடிப்பக்கத்தை நகத்தால் கீறுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் மாக்கல். கருங்கல்லில் நகம்தான் தேயும். மாக்கல் மோசமான கல் அல்ல, ஆனால் கருங்கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. மூன்றாவது வகை, கல்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் வார்ப்பது. பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு தெரியும். அலமாரியில் நிற்கும் பத்துப் பிள்ளையாரும் இம்மி பிசகாமல் ஒரே மாதிரி இருப்பார்கள். தெருவோரப் பட்டறைகளில் சிற்பி உளியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அவரிடமே கேட்டு வாங்குவதுதான் என் யோசனை. மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு, கிடைத்திருக்கிறது. அந்தக் கைவேலைக்கு உரிய விலையைக் கொடுங்கள், அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

எடையை மறந்துவிட வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அளவுள்ள கருங்கல் ஏறத்தாழ 2.7 கிலோ நிறுக்கும். முழங்கை உயரச் சிலையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால், மேலதிகப் பொதிக்கான கட்டணம் சிலையின் விலையையே தாண்டிவிடக்கூடும். உள்ளங்கையில் அடங்கும் சிலை போதும்.

தடுப்பார்களா என்றால், புதிய சிலைக்குத் தடை இல்லை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே கடையின் பெயரும் ‘புதிய சிலை’ என்ற குறிப்பும் உள்ள பற்றுச்சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள். ‘இது பழைய கோயில் சிலை, உங்களுக்காக மறைத்து வைத்திருந்தேன்’ என்று யாராவது காதில் ஓதினால் உடனே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அது பொய் என்றால் பணம் போகும். மெய் என்றால் சிறை.

கேள்வி: சென்னை போக வசதி இல்லை. பிள்ளைகளுக்கு இங்கேயே காட்ட ஏதாவது உண்டா? (மூதூர் வாசகி)

பதில்: உண்டு. அதிகாலை பஸ்ஸில் அனுராதபுரம் போனால் இரவுக்குள் திரும்பிவிடலாம். இசுறுமுனிய விகாரையில், குளத்தங்கரைப் பாறையில் நீராடும் யானைகளைச் செதுக்கியிருக்கிறார்கள், பல்லவர் பாணியில். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான் அவை இருக்கின்றன. பிள்ளைகளைக் கரையோரம் குந்தியிருந்து பார்க்கச் சொல்லுங்கள். யானைகள் குளத்துக்குள்ளேயே நிற்பதுபோல் தெரியும்.