கப்பலில் நம் சொந்த ஒயின்: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் கரீபியன் சொகுசுக் கப்பல் பயணம் பற்றிச் சில கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தேன். அடுத்து விசா, சைவச் சாப்பாடு, கடல் குமட்டல் என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: வீட்டிலிருந்து ஒயின் பாட்டில் கொண்டு போகலாமா? சரி, இந்த முறை முழுக்க அதையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு மகள் மயாமியிலிருந்து கிளம்பும் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளை பரிசாகக் கொடுத்த இரண்டு நல்ல ஒயின் பாட்டில்களைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம். அவற்றைக் கப்பலில் ஏற்ற விடுவார்களா? (வாசகர், டல்லஸ்)

முதலில் வாழ்த்துகள் ஐயா. பெரும்பாலும் விடுவார்கள், ஆனால் எந்தக் கம்பெனியின் கப்பல் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே. அதை நீங்கள் எழுதவில்லை, அதனால் ஏழு கம்பெனிகளைச் சொல்லிவிடுகிறேன்.

ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் 750 மில்லி அளவில் ஒரு பாட்டில் ஒயின் அல்லது ஷாம்பெயின், அதுவும் ஏறும் முதல் நாளில் மட்டும். நீங்களும் அம்மாவும் ஆளுக்கொன்று, ஆக உங்கள் இரண்டு பாட்டிலும் போய்விடும். பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா என்ற இரண்டு கம்பெனிகளிலும் ஆளுக்கு ஒரு பாட்டில் கேபினில் குடிக்கக் கட்டணம் இல்லாமல் விடுவார்கள், அதற்கு மேல் கொண்டுவரும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 20 டாலர் வாங்குவார்கள். நார்வீஜியனில் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு: 750 மில்லிக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டிலுக்கு 30 டாலர். எம்எஸ்சி கப்பல் என்றால் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள், வெளி மது எதையும் அவர்கள் உள்ளே விடுவதில்லை. இதற்கு நேர் எதிர் வைகிங். கையில் கொண்டுவந்ததை எங்கே வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளுங்கள், திறப்பதற்கும் கட்டணம் கிடையாது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய டிக்கெட் விலை வேறு ரகம் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

வயது என்று சொன்னேன் அல்லவா, அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் அது 21. அதே ராயல் கரீபியன் கப்பலை சிங்கப்பூரிலோ பார்சிலோனாவிலோ பிடித்தால் 18.

இந்த விதிகளைக் கம்பெனிகள் அவ்வப்போது மாற்றும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மகளை அவர்களுடைய இணையதளத்தில் மறுபடி ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். டிக்கெட் போட்ட அன்று படித்ததை நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி: நம் காசில் வாங்கிய ஒயின், நாமே தூக்கிக்கொண்டு போகிறோம். அதற்கு ஏன் கப்பல்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும்? அநியாயமாக இல்லையா? (வாசகி, டொரண்டோ)

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். அந்தக் கட்டணத்துக்குக் கார்க்கேஜ் என்று பெயர். நகரத்து நல்ல ஓட்டல்களிலும் இது உண்டு. பாட்டிலைத் திறந்து, கிளாஸ் வைத்து, ஊற்றி, அந்தக் கிளாஸைக் கழுவி அடுக்குவது வரைக்குமான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டிலும் பாட்டிலுக்கு 15 டாலர், சாப்பாட்டுக்கூடம் மாதிரி பொது இடத்தில் வைத்துக் குடித்தால் மட்டும். உங்கள் கேபினுக்குள்ளேயோ பால்கனியிலேயோ உட்கார்ந்து குடித்தால் ஒரு காசும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். கப்பல் பாரில் ஒரு கிளாஸ் 13 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் ராயல் கரீபியனில் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாக ஏறி 15 டாலர் 34 சென்ட் ஆகும். ஐந்து கிளாஸுக்கு ஏறக்குறைய 77 டாலர். நார்வீஜியனில் அந்தச் சேவைக் கட்டணமே 20 சதவீதம். கடையில் 12 டாலருக்கு வாங்கிய பாட்டிலோடு 15 டாலர் கார்க்கேஜைக் கூட்டினாலும் மொத்தம் 27தான். அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை, லாபம் உங்களுக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராயல் கரீபியன், கார்னிவல் மாதிரிப் பெரிய கம்பெனிகளுக்கு மொத்த வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கப்பலுக்குள் நாம் செலவழிப்பதில்தான் வருகிறது. பார், சூதாட்டக்கூடம், கரைச் சுற்றுலா எல்லாம் அதில் சேர்த்தி. டிக்கெட் அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, அதன் மறுபக்கம் இது.

ஒரே ஒரு வேண்டுகோள். சில சமயம் பரிமாறுகிறவர் கார்க்கேஜைப் பில்லில் போடாமல் விட்டுவிடுவார். அது அவராகக் காட்டும் அன்பு. ‘போன தடவை வாங்கவில்லையே’ என்று அடுத்தவரிடம் போய் வாதாடாதீர்கள். அவரும் ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் கடலில் வேலை பார்க்கிறவர், மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

கேள்வி: பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்துவிடலாமா? கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாமே. (வாசகர், சிகாகோ)

கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே பட்டிருக்கிறேன்.

விமானத்துக்கும் கப்பலுக்கும் விதி தலைகீழ். விமானத்தில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவத்தையும் கைப்பையில் விட மாட்டார்கள், பாட்டில் பெரிய பெட்டிக்குள்தான் போயாக வேண்டும். கப்பலில் பாட்டில் கைப்பையில்தான் வர வேண்டும். நடுவில் ஓட்டலில் தங்கும் இரவில் பெட்டியைத் திறந்து பாட்டிலைக் கைப்பைக்கு மாற்றிவிட வேண்டும். பலரும் மறந்துபோவது இந்த ஒரு வேலையைத்தான்.

நானும் மறந்தேன். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள் பயணம் அது. மனைவி இரண்டு வருடம் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த சிவப்பு ஒயினை ஒரு வேட்டியில் நாலு சுற்றுச் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருந்தோம். மறுநாள் காலை துறைமுகத்தில் சுமைக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டார், நாங்களும் சந்தோஷமாக ஏறிவிட்டோம். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்துக் கேபின்களின் பெட்டிகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன, எங்களுடையது மட்டும் வரவில்லை. ராத்திரி எட்டரைக்குப் போன் வந்தது. கீழ்த் தளத்தில் ஒரு சின்ன அறை. ஏழெட்டுப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு அட்டை கட்டியிருக்கிறது. மேஜை மேல் இஸ்திரிப் பெட்டிகள், எக்ஸ்டென்ஷன் வயர்கள், நாலைந்து விஸ்கி பாட்டில்கள். பெட்டியை எங்கள் கையாலேயே திறக்கச் சொன்னார்கள். வேட்டியைப் பிரித்ததும் காவலர் பாட்டிலை எடுத்து லேபிளைப் பார்த்தார், முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. ‘காலையில் கையில் கொண்டுவந்திருந்தால் தாராளமாக விட்டிருப்போம்’ என்றார். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, வேட்டியை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். பாட்டில் திரும்பி வரவே இல்லை. கடைசி நாள் கேட்டுப் பார்த்தேன், திருப்பித் தருவதில்லை என்பதுதான் விதி என்றார்கள். விதி எங்கள் டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தது.

ஆகவே கையில் கொண்டு போங்கள், ஆளுக்கு ஒன்றாக அவரவர் பையில். எக்ஸ்ரே மேஜையில் ‘ஒயின் இருக்கிறது’ என்று நாமே சொல்லிவிட்டால் அரை நிமிஷ வேலை. நார்வீஜியனில் அங்கேயே காசை வாங்கிக்கொண்டு பாட்டிலில் ஒரு அடையாளம் போட்டுக் கொடுப்பார்கள்.

விமானத்தில் கொண்டுவரவே பயமாக இருந்தால் துறைமுக ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஃப்ளோரிடாவில் பப்ளிக்ஸ் மாதிரி சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒயின் கிடைக்கும். நியூயார்க்கிலிருந்து கிளம்புகிறவர்கள் மட்டும் தனி மதுக்கடையைத் தேட வேண்டும், அங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் விற்க அனுமதி இல்லை.

கேள்வி: வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் ஓட்கா ஊற்றி நீல நிறம் கலந்து கொண்டு போகலாம் என்கிறான் நண்பன். மாட்டிக்கொள்வோமா? (வாசகர், ஹூஸ்டன்)

அந்த வித்தை எக்ஸ்ரே மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் நண்பரைவிட நன்றாகத் தெரியும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வருவது அதைவிடப் பழையது. அதனால்தான் கார்னிவல் 2015 ஜூலையிலிருந்து வெளித் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எதையுமே விடுவதில்லை. இப்போது ஆளுக்குப் பன்னிரண்டு சிறிய கேன் குளிர்பானம் மட்டும்தான், அதுவும் கைப்பையில். நாலு பேர் செய்த திருட்டுத்தனத்துக்குக் குழந்தைக்குத் தண்ணீர் பாட்டில் கட்டிக்கொண்டு வந்த தாய்மார்கள் எல்லோரும் கஷ்டப்பட்டார்கள். வேண்டாம் தம்பி. வைகிங்கை விட்டால், ஓட்கா, விஸ்கி, ரம் எதற்கும் இந்தச் சலுகை கிடையாது, ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும்தான்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. என் பங்கு பாட்டிலையும் கணவர் குடிக்கலாமா? (வாசகி, சான் ஹோசே)

கொண்டு போகலாம் அம்மா. கணக்கு வயதுக்குத்தான், குடிக்கிறவரா இல்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் பாட்டில் உங்கள் பையில் வரட்டும். அவர் இரண்டையும் ஒரே நாளில் திறக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு அம்மா நாகர்கோவிலில் போட்ட திராட்சை ஒயின் கொஞ்சம் இருக்கிறது. அதைக் கொண்டு போகலாமா? அட்டைப் பெட்டி ஒயின்? (வாசகர், நியூ ஜெர்சி)

அம்மா போட்டதற்கு ஈடு கிடையாது, ஆனால் கப்பலில் விட மாட்டார்கள். கடையில் சீல் வைத்த, திறக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். வீட்டிலேயே குடும்பத்தோடு குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அட்டைப் பெட்டி ஒயினையும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், நார்வீஜியனில் அதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பானங்களுக்கான பேக்கேஜ் வாங்கிவிட்டால் கார்க்கேஜும் அதில் அடங்குமா? (வாசகர், அட்லாண்டா)

நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே மொத்தமாகக் கட்டும் அந்தத் திட்டத்தில் கார்க்கேஜ் பெரும்பாலும் அடங்காது. பேக்கேஜ் வாங்கிவிட்டால் சொந்த ஒயினுக்குத் தேவையும் அதிகம் இருக்காது. வாங்கும் முன் ஒரு விஷயம் பாருங்கள். ராயல் கரீபியன், கார்னிவல் இரண்டிலும் ஒரு கேபினில் ஒருவர் மதுப் பேக்கேஜ் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும். தம்பதிகளில் ஒருவர் மட்டும் எப்போதாவது ஒரு கிளாஸ் குடிப்பவர் என்றால் பேக்கேஜ் வீண் செலவு. அந்தக் குடும்பத்துக்குத்தான் கையில் கொண்டு போகும் இரண்டு பாட்டில் சரியாகப் பொருந்தும்.

கேள்வி: ஒரே வேளையில் ஒரு பாட்டிலை முடிக்க முடியாதே, மீதியை என்ன செய்வது? கேபினில் திறப்பான் இருக்குமா? (வாசகி, டல்லஸ்)

சாப்பாட்டுக்கூடத்தில் திறந்தால் கவலையே வேண்டாம். பரிமாறுகிறவர் கார்க்கைத் திருப்பி மூடி, லேபிளில் உங்கள் கேபின் எண்ணைப் பேனாவால் எழுதி உள்ளே வைத்துவிடுவார். மறுநாள் நீங்கள் வேறு மேஜையில் உட்கார்ந்தாலும் எண்ணைச் சொன்னால் கொண்டுவந்து தருவார்கள். எங்கள் பாட்டில் பறிபோன மறுவருஷம் மறுபடி ஒன்று கொண்டு போனோம், இந்த முறை கையில். இரண்டாம் நாள் பரிமாறிய இளைஞர் பாட்டிலோடு வந்து, என் மனைவி பக்கம் எண்ணைத் திருப்பிக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றினார்.

கேபினில் என்றால், அறையைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேளுங்கள், திறப்பான், இரண்டு கிளாஸ், ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்து தருவார். கேபின் ஃப்ரிட்ஜ் அவ்வளவாகக் குளிராது, வெள்ளை ஒயினுக்கு ஐஸ்தான் நல்லது. திருகு மூடி போட்ட பாட்டிலாக வாங்கினால் திறப்பானே தேவையில்லை.

கேள்வி: வழியில் தீவுகளில் வாங்கும் பாட்டில்களைக் கப்பலில் குடிக்கலாமா? ஊருக்கு எத்தனை கொண்டுவரலாம்? (வாசகர், மதுரை)

பெரும்பாலும் குடிக்க முடியாது. ஏறும்போதே வாங்கிவைத்துக்கொண்டு, பயணம் முடியும் நேரத்தில்தான் கொடுப்பார்கள். நார்வீஜியன், பிரின்சஸ் மாதிரிச் சிலவற்றில் கரையில் வாங்கிய ஒயினைக் கார்க்கேஜ் கட்டி உள்ளே கொண்டு போகலாம்.

அமெரிக்காவில் இறங்கும்போது 21 வயது ஆனவருக்கு 1 லிட்டர் வரி இல்லை. கரீபியன் நாடுகளிலிருந்து என்றால் 2 லிட்டர், அதில் ஒரு லிட்டராவது அங்கேயே தயாரானதாக இருக்க வேண்டும். செயின்ட் தாமஸ் மாதிரி அமெரிக்க வர்ஜின் தீவுகளில் வாங்கினால் 5 லிட்டர் வரை, அதிலும் ஒரு லிட்டராவது அந்தத் தீவுச் சரக்காக இருக்க வேண்டும். அங்கிருந்து மதுரைக்கு வருகிறீர்கள் என்றால் இந்தியச் சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர்தான்.

கப்பலை விட்டு விமான நிலையம் போகும்போது எல்லாப் பாட்டிலையும் மறுபடி பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். அமெரிக்க விமான விதிப்படி ஒயினுக்கு அதில் அளவு இல்லை. 24 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் ரம், விஸ்கி என்றால் 5 லிட்டர் வரை. 70 சதவீதத்தைத் தாண்டிய கடுமையான ரம் தீவுக் கடைகளில் அழகான பாட்டிலில் கண்ணைப் பறிக்கும், 151 என்று எண் போட்டிருக்கும், அதை மட்டும் எந்தப் பெட்டியிலும் ஏற்ற விட மாட்டார்கள்.